ஸ்டீராய்டு செய்தியில் காணாமல் போன வரி

"பல்கலைக்கழக ஆய்வில் நிரூபணம்" என்று ஒரு மருத்துவச் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால் நம்மில் பலர் மறுகேள்வி கேட்பதில்லை. மருந்து கம்பெனி சொன்னால் வியாபாரம் என்கிறோம். பல்கலைக்கழகம் என்றால் மட்டும் நம்பி விடுகிறோம். அந்தச் செய்தி நம் கைக்கு வருவதற்குள் என்னவாகிறது என்பதற்குக் கொரோனா காலமே சாட்சி.

2020 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு பத்திரிகைக் குறிப்பை வெளியிட்டது. 'ரெகவரி' என்ற பெயரில் பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்த பரிசோதனையின் முடிவு அது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்தை 2,104 நோயாளிகளுக்குத் தினமும் 6 மில்லிகிராம் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேருடன் ஒப்பிட்டிருந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு.

சுவாச உதவி தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் பலன் இல்லை என்ற வரியும் அதே குறிப்பில் இருந்தது. பல்கலைக்கழகம் எதையும் மறைக்கவில்லை. வென்டிலேட்டர் நோயாளிகள் சுமார் 8 பேருக்கும், ஆக்ஸிஜன் நோயாளிகள் சுமார் 25 பேருக்கும் கொடுத்தால் ஓர் உயிர் காக்கப்படும் என்றுகூட விளக்கியிருந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு முன்பே பத்திரிகைக் குறிப்பா என்று மருத்துவர்கள் சிலர் குறைப்பட்டார்கள். ஆறு நாளில் விவரங்களும் வெளியாகின. பொறுப்பான அறிவிப்பு என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் மக்கள் மனதில் நின்றது, உயிர் காக்கும் மலிவு மருந்து என்பது மட்டும்தான். 2021இல் இந்தியாவில் இரண்டாம் அலை வீசியபோது, காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே, ஆக்ஸிஜன் அளவு சரியாக இருந்தவர்களும் வீட்டிலிருந்தபடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினார்கள். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும், சர்க்கரையை ஏற்றும். பின்னாலேயே வந்தது கருப்புப் பூஞ்சை. கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் உண்டு. ஸ்டீராய்டைத் தவறாகப் பயன்படுத்தியதை அதற்கு முக்கியக் காரணமாக டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா அப்போதே சுட்டிக்காட்டினார். பழி முழுவதும் செய்தி மீது இல்லை. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத பயம், நம் நாட்டில் மலிந்துள்ள சர்க்கரை நோய், சீட்டு இல்லாமலே மாத்திரை தரும் கடைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த விபரீதம் நடந்தது.

சரி, பத்திரிகைக்காரர்கள்தான் குற்றவாளிகளா? அப்படியும் இல்லை. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 குறிப்புகளைக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2014இல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் எழுதினார்கள். விலங்குகளிடம் செய்த ஆய்வை மனிதர்களுக்கு மிகையாகப் பொருத்திய குறிப்புகள் 36 சதவீதம். குறிப்பிலேயே அந்த மிகை இருந்தபோது 86 சதவீதச் செய்திகளிலும் மிகை இருந்தது. இல்லாதபோது 10 சதவீதம்தான். இத்தனைக்கும், மிகைப்படுத்தியதால் பத்திரிகைகளில் கூடுதல் இடம் கிடைத்ததற்குத் தெளிவான ஆதாரமும் இல்லை. ஹதீஸ் கலை பயில்பவர்கள் அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரையும் ஏன் துருவுகிறார்கள் என்பது மதரஸா மாணவனுக்குத் தெரியும். முதல் அறிவிப்பாளர் நம்பகமானவர் என்பதோடு விசாரணை நின்றுவிடுவதில்லை.

நம் வீடுகளில் அதிகம் சுற்றுவது கருஞ்சீரகச் செய்தி. அதன் சிறப்பைச் சொல்லும் ஆதாரப்பூர்வமான நபிமொழி இருக்கிறது. அதை நம்ப நமக்கு எலி ஆய்வு தேவையில்லை. ஆனால் எலிகளிடமும் ஆய்வகக் குடுவையிலும் கிடைத்த முடிவைக் காட்டி, "இனி இன்சுலின் வேண்டாம்" என்று வயதான தாயிடம் சொல்வது நபிமொழியைப் பின்பற்றுவது ஆகாது.

பி.ஃபார்ம், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் நிறைய இருக்கிறார்கள். அடுத்த செய்தி வரும்போது மற்றவர்களுக்கு அனுப்புமுன் அவர்களிடம் கொடுங்கள். சோதித்தது மனிதர்களிடமா, எத்தனை பேரிடம், யாருக்குப் பலன் இல்லை என்று மூலக் கட்டுரையைத் தேடிப் படித்துச் சொல்லட்டும். அதுவரை உம்மாவின் மாத்திரை டப்பாவில் யாரும் கை வைக்க வேண்டாம்.