மேகநாத் சாஹாவின் தட்டு

'தகுதி, திறமை' என்று பேசுகிறவர்கள், மேகநாத் சாஹா தன் கண்டுபிடிப்பு உருவான விதத்தைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை படிக்கவேண்டும். அதில் ஞானதிருஷ்டி எதுவும் இல்லை. 1919இல் கொல்கத்தாவில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் நடத்திக்கொண்டிருந்தார். ஜெர்மன் ஆய்விதழில் எக்கர்ட்டின் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. விண்மீன்களுக்குள் அணுக்கள் எந்த அளவுக்கு எலக்ட்ரான்களை இழக்கும் என்பது அதன் கணக்கு. அதற்குத் தேவையான ஆற்றலை எக்கர்ட் உத்தேசமாக வைத்திருந்தார். அந்த இடத்தில் சோதனையில் அளந்த மதிப்பைப் போடவேண்டும் என்று சாஹாவுக்குப் பட்டது. 1920இல் வெளியான சாஹா சமன்பாடு அங்கிருந்து வந்ததுதான். விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று சிசிலியா பெய்ன் 1925இல் கணக்கிட்டதும் அதை வைத்துத்தான். (அந்த முடிவு உண்மையாக இருக்காது என்று ஆய்வேட்டிலேயே அவரை எழுத வைத்தார்கள். அது தனிக்கதை.)

பிறகு லண்டனில் ஃபௌலரின் ஆய்வகத்தில், அவருடைய விமர்சனத்தைக் கேட்டுக் கேட்டு அடுத்த கட்டுரையை மாதக்கணக்கில் திருத்தி எழுதியதையும் சாஹா சொல்கிறார். ஆக, ஆய்வு முன்னேற என்ன வேண்டும்? இதழ்கள் வரும் நூலகம், பாடம் நடத்த வகுப்பு, சமமாக உட்கார்ந்து வாதிட ஓர் ஆள்.

சாதி கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான். டாக்கா பக்கத்துக் கிராமமொன்றில் சிறு மளிகைக்கடைக்காரரின் மகன் சாஹா. பள்ளிக்குப் போவதற்காக ஒரு மருத்துவர் வீட்டில் தங்கியபோது, தன் தட்டைத் தானே கழுவவேண்டும் என்பது நிபந்தனை. 1911இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தால், ஈடன் இந்து விடுதியில் ஆதிக்கசாதி மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூசையிலும் ஒதுக்கினார்கள். கல்விக் கடவுளாம்!

"அதையும் மீறி சாதித்தாரே, இடஒதுக்கீடா வாங்கினார்?" என்று உடனே கேட்பார்கள். மீறியது தனி மனிதத் திறமை மட்டுமல்ல. அண்ணன் சணல் ஆலைச் சம்பளத்திலிருந்து மாதம் 5 ரூபாய் அனுப்பினார். வைசிய சமிதி 2 ரூபாய் கொடுத்தது. அந்த 7 ரூபாய் நின்றிருந்தால் சமன்பாட்டுக்கு வேறு யாராவது பெயர் வைத்திருப்பார்கள். பணமில்லாமல் தவறிப்போனதும் உண்டு. 1917இல் அமெரிக்க ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, அச்சுச் செலவில் பங்கு கட்ட முடியாததால் முழுதாக வெளிவரவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் சாஹா அதை வருத்தத்தோடு நினைவுகூர்ந்தார்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு: 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கைகழுவுமிடம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் எதிர்த்த பிறகுதான் எடுத்தார்கள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத விரும்பிய ரோஹித் வெமுலாவை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் கடைசிக் கடிதத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது: ஏழு மாத உதவித்தொகை பாக்கி, 1,75,000 ரூபாய்.