சாவி யார் கையில்?

பங்குப் பேரவையில் எல்லாத் தெருவினருக்கும் இடமளித்துவிட்டோம் என்று மார்தட்டுகிறோம். (சாதி என்று சொல்ல நமக்கு நாக்கூசும், தெரு என்போம்.) எந்த இடம்? திருவிழாவுக்குப் பந்தல் கட்டவும் நாற்காலி சுமக்கவும் கீழத்தெரு இளைஞர். கணக்கேடும் கோயில் சாவியும் வழக்கம்போல் மேலத்தெருவில். கேட்டால், ஒற்றுமையைக் குலைக்கிறான் என்ற பழி!

எருசலேமின் முதல் சபையிலும் முறுமுறுப்பு எழுந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தம் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் அவர்களைக் கலகக்காரர் என்றார்களா? இல்லை. பந்திப் பொறுப்புக்கு எழுவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர் தரப்பிடமே பொறுப்பு போயிற்று போலும்.

பங்குதோறும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 537-ஆம் விதி. உங்கள் பங்கின் நிதிக்குழுவினர் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே அவரவர் தெருவையும் எழுதுங்கள். பிறகு, அடுத்த பேரவைக் கூட்டத்தில் அந்தத் தாளை உரக்க வாசியுங்கள்.