துப்பாக்கியை எண்ணும் சட்டம், விசையையும் சோதிக்கட்டும்

புது தில்லி: ஒருவர் எத்தனை துப்பாக்கிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதை நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் திருத்தி அமைத்தது. அவை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது குறித்து அத்திருத்தம் கவலைப்படவில்லை.

மூன்றாக இருந்த உச்சவரம்பை ஒன்றாகக் குறைக்கவே மத்திய அரசு முதலில் மசோதா கொண்டு வந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அது இரண்டானது. மூதாதையர் வழி வந்த துப்பாக்கிகளும் இக்கணக்கில் அடங்கும். உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அதாவது, தாத்தா விட்டுச் சென்ற பழைய ரிவால்வர் அதிகாரியின் பார்வைக்கு வரும் இடைவெளியும் நீண்டுவிட்டது.

பழைய ரிவால்வர்களில் பொதுவான குறை, விசையின் கனம். சுத்தியலைப் பின்னுக்கு இழுப்பது, தோட்டா உருளையைச் சுழற்றுவது, சுடுவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே இழுப்பு செய்வதால் ஓரளவு கனம் இயல்பானதே. ஆனால், உலர்ந்து கெட்டியான எண்ணெயும் துருவும் அதை மேலும் கூட்டுகின்றன. விரல் திணறினால் கை ஆடும்; குறி தவறி அருகில் நிற்பவர் பலியாகலாம்.

இதற்குச் சிலர் காணும் குறுக்குவழி, உள்ளிருக்கும் வில்லைத் தேய்ப்பது. அப்போது தோட்டா வெடிக்காமல் போகலாம்; சுத்தியலைத் தாங்கும் விளிம்பைத் தேய்த்தாலோ, கைதவறி வெடிக்கலாம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். தோட்டாக்களை அகற்றிவிட்டு, துருவையும், உருளையின் ஆட்டத்தையும், ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக நிற்கிறதா என்பதையும் உரிமம் பெற்ற வல்லுநரே சோதிக்க வேண்டும்.

அரசின் கவனமோ புதிய விற்பனையில் இருக்கிறது. கான்பூரில் 2014இல் 'நிர்பீக்', 2023இல் 'பிரபல்' என ரிவால்வர்கள் அறிமுகமாயின. நிர்பீக்கின் அறிமுக விலை ஒரு லட்ச ரூபாய்க்கும் மேல். அவ்வளவு செலவிட இயலாதோர் பழையதையே நம்பியிருப்பர்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை துப்பாக்கியை அதிகாரி முன் காட்ட வேண்டும் என்று 2019 திருத்தமே கூறுகிறது. அந்த நாளில் வரிசை எண்ணைச் சரிபார்ப்பதோடு, வல்லுநரின் தகுதிச் சான்றையும் கட்டாயமாக்கலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. விதிகளில் ஒரு திருத்தம் போதும். வாகனத்துக்குத் தகுதிச் சான்று கேட்கும் அரசு, துப்பாக்கிக்குக் கேட்கத் தயங்குவானேன்?