தனியாய்ப் போனால் அபராதமா?

பரீட்சை முடிந்த கையோடு ஐந்து நாள் ஸ்காபரோவுக்குப் போய் வந்தேன். அதுவும் கோச்சில். அதுவும் அம்மம்மாவோடு. விசயம் வெளியே வந்ததும் வகுப்பில் ஒரே பகிடிதான். "பிங்கோவில் எவ்வளவு வென்றாய்?", "கோச்சில் உன்னைத் தவிர சொந்தப் பல் உள்ளவர் யாராவது இருந்தார்களா?" என்று ஆளுக்கொரு கேள்வி. சிரித்து முடித்தாச்சா? சரி, இனி நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கோ.

முதலில் ஒன்று. கோச் சுற்றுலாவில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அம்மம்மாவுக்கு வயது 74. கார் ஓடத் தெரியாது. லெஸ்டரில் இருந்து ரயிலில் போவதென்றால் இடையில் இறங்கி, மாறி, யோர்க்கில் இன்னொரு ரயில் பிடித்து, சூட்கேசையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கோச்சில் அந்தக் கரைச்சல் இல்லை. சூட்கேசை டிரைவர் வாங்கி அடியில் வைப்பார், ஹோட்டல் வாசலில் எடுத்துத் தருவார். காலையும் இரவும் சாப்பாடு. ஒரு நாள் விட்பி, ஒரு நாள் யோர்க், நடுவில் ஒரு நாள் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

விட்பியில் மேலே பழைய மடாலயத்துக்கு ஏற 199 படி. வேண்டாம் அம்மம்மா என்று கெஞ்சினேன். "நல்லூர்த் தேருக்கு நிண்ட கால் இது" என்று சொல்லிவிட்டு, வழியில் இருந்த வாங்கில் எல்லாம் இருந்து இருந்து ஏறி முடித்தா. மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

இவ்வளவு நல்ல பயணத்தில் எதற்கடா கோபம் என்கிறீர்களா? வருகிறேன்.

அம்மம்மா ஸ்காபரோவுக்குப் போனது இது முதல் தடவை இல்லை. அம்மப்பாவோடு இரண்டு தடவை போனவ. அவர் 2023இல் தவறிவிட்டார். போன வருசம் தனியாகப் போனா. அதே நிறுவனம், அதே ஹோட்டல், அதே ஐந்து நாள். விளம்பரத்தில் போட்டிருந்த விலை 329 பவுண். கட்டியது 429. அந்த நூறு எதற்கு? நான்கு இரவு, இரவுக்கு 25 பவுண், "சிங்கிள் சப்ளிமென்ட்". தமிழில் சொன்னால், புருசன் செத்ததற்கு அபராதம்.

கொடுத்த அறை எது தெரியுமா? பின்பக்கம், லிப்டுக்குப் பக்கத்தில், ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய சின்னக் கட்டில். யன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டி. இந்த வருசம் நான் கூடப் போனதால் நாங்கள் "இருவர்". முன்பக்க அறை, பெரிய யன்னல், கட்டிலில் இருந்தபடியே கடல். தலைக்கு 329தான். அதாவது கூடக் கட்டினவருக்குக் குப்பைத் தொட்டி, குறையக் கட்டினவருக்குக் கடல். (அம்மம்மாவுக்கு 100 பவுண் மிச்சம் பிடிக்க நான் 329 பவுண் செலவழித்தேன். வணிகவியல் படிக்கிற பிள்ளை என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

இனி நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் பார்ப்போம், இல்லாவிட்டால் முதலாம் வருடச் செலவுக் கணக்கியல் வாத்தியார் கோபிப்பார். ஒரு அறையில் ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் வெளிச்சம், சூடு, துப்புரவு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. இருவர் படுக்கக்கூடிய அறையை ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற ஆளின் பங்கு நட்டம். இது கொள்ளை இலாபம் வருகிற தொழிலும் இல்லை. ஷியரிங்ஸ் என்ற பெரிய பெயரை வைத்திருந்த நிறுவனமே 2020 மே மாதம் கொரோனாவோடு மூழ்கிப் போனது. எல்லாம் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. ஒற்றைக் கட்டில் போட்ட அறையில் அந்த "மற்ற ஆள்" எங்கே படுத்திருப்பார்? லிப்டுக்குள்ளேயா? படுக்கவே இடமில்லாத ஆளின் பங்கு எப்படி நட்டமாகும்?

329 பவுணுக்குள் என்ன என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கோச்சில் ஒரு இருக்கை, சாப்பாடு, விட்பிக்கும் யோர்க்குக்கும் போய் வருகிற செலவு, அறை. முதல் மூன்றும் தலைக்கு இவ்வளவு என்று வருபவை. தனியாள் இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. கோச்சிலும் பக்கத்து இருக்கை காலியாகப் போவதில்லை, இன்னொரு தனியாளைக் கொண்டு வந்து இருத்துகிறார்கள். மிஞ்சுவது அறை மட்டும். இருவர் சேர்ந்து கட்டுவது 658. தனியாள் கட்டுவது 429, அதாவது இருவர் காசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதற்குக் கிடைப்பது பாதிச் சாப்பாடு, பாதி இருக்கை, பாதியிலும் சின்ன அறை!

இது எங்கோ ஒருவருக்கு நடக்கிற விசயமும் இல்லை. இந்த நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தனியாக வாழ்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நாங்கள் போன கோச்சில் எனக்கு முன்னால் இருந்த அம்மா லெஸ்டரில் காலுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வருசா வருசம் புருசனோடு வந்தவராம். "அவர் போன பிறகுதான் எனக்கு விலை கூடியது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கவுன்சில் டாக்ஸ் கேட்டு இரக்கமில்லாமல் கடிதம் போடுகிற கவுன்சில்கூட, வீட்டில் ஒரேயொரு வயது வந்தவர் இருந்தால் 25 சதவீதம் குறைக்கிறது. கவுன்சிலுக்கு இருக்கிற மனம் சுற்றுலா நிறுவனத்துக்கு இல்லையா?

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தோமஸ் குக்கின் சிலை நிற்கிறது. 1841 ஜூலை 5ஆம் திகதி சுமார் 500 பேரை லெஸ்டரில் இருந்து லௌபரோவுக்கு ரயிலில் கூட்டிப் போனவர். தலைக்கு ஒரு ஷில்லிங். தனியாக வந்தாயா சோடியாக வந்தாயா என்று கேட்டு விலை சொல்லவில்லை. அது ஒரு நாள் பயணம், அறை இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அறை போட்டும் அப்படிச் செய்யலாம் என்று இன்றைய நிறுவனங்களே காட்டுகின்றன. சில நிறுவனங்கள் சில திகதிகளில், ஆள் குறைந்த காலத்தில், இந்த மேலதிகக் கட்டணம் இல்லாமலே தனியாட்களை ஏற்றுகின்றன. அப்போ முடியும்தானே?

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒற்றைக் கட்டில் அறைக்கு மேலதிகமாக ஒரு பென்ஸ்கூட வாங்காதீர்கள். இருவர் அறையைத் தனியாளுக்குக் கொடுத்தால் அறையின் பங்கை மட்டும் வாங்குங்கள், நல்ல அறையாகக் கொடுங்கள். விளம்பரத்தில் "இருவர் பகிர்ந்தால்" விலைக்குப் பக்கத்தில் தனியாள் விலையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. வீட்டில் பாட்டியோ பக்கத்து வீட்டு ஆச்சியோ இப்படிப் போவதாக இருந்தால், பதிவு செய்ய முதல் போன் எடுத்து "தனியாளுக்கு எவ்வளவு, எந்த அறை, எத்தனை கட்டில்?" என்று நீங்கள் கேளுங்கள். வயதானவர்கள் கேட்க வெட்கப்படுவார்கள். அம்மம்மா வெட்கப்பட்டா. போன வருசம் நூறு பவுண் கூடக் கட்டினதை எங்களுக்குச் சொல்லவே இல்லை. இந்த வருசம் பெரிய யன்னலைத் திறந்து கடலைப் பார்த்தபோதுதான், "போன முறை இது தெரியேல்லை" என்றா.

அடுத்த வருசம் எனக்கு வேலை கிடைத்துவிட்டால் கூடப் போக முடியாது. அப்போது அவ திரும்பவும் குப்பைத் தொட்டியைத்தான் பார்க்க வேண்டுமா?

பி.கு: பிங்கோவில் வென்றது அம்மம்மா. 20 பவுண். ஒரு இரவு அபராதத்துக்குக்கூடக் காணாது.