புதுக் கணினிக்குக் காசு சேர்க்க முதல்...



"சேர், ஸ்டக் ஆகிட்டு!" கணினி அறையில் தினமும் கேட்கும் சத்தம் இது. அதற்காக 2 ஜிபி ரேம் கணினிகளைப் பழுது என்று மூலையில் போட வேண்டாம்.

ரேம் நிரம்பினால் கேர்னல், அப்போதைக்குத் தேவையில்லாத தரவுகளை ஹார்ட் டிஸ்கின் ஸ்வாப் பகுதிக்கு அனுப்பும். திரும்ப எடுக்க டிஸ்க் சுழன்று தேட வேண்டும். தாமதம் அங்கேதான்.

2014இல் லினக்ஸ் 3.14இல் முழுமையாகச் சேர்ந்த இசட்ரேம், அந்தத் தரவுகளைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும். புரொசசருக்குக் கொஞ்சம் வேலை கூடும். ஆனாலும் டிஸ்கை விடப் பலமடங்கு வேகம். 2020இல் வந்த பெடோரா 33இல் இது தானாகவே இயங்கும். செலவு எதுவுமில்லை.

இரத்தினபுரி, கேகாலை தோட்டப் பாடசாலைகளின் பழைய மாணவர்களே, ஒரு சனிக்கிழமை வந்து செய்து தாருங்கள். புதுக் கணினி பிறகு வரட்டும். சாதாரண தரப் பரீட்சை பிள்ளைகளுக்காகக் காத்திருக்காது.