மீன்மேல் ஒரு முத்திரை

கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கடற்பகுதி காட் எனும் மீனுக்குப் பேர்பெற்றது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியக் கப்பல்கள் அம்மீனைத் தேடி அங்குச் சென்றன. பின்னர் வந்த பெரும் இழுவைக் கப்பல்கள் இரவு பகலாக அள்ளின. 1992ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கனடா அரசு அம்மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலையிழந்தனர். கடல் வற்றாது என்ற நம்பிக்கை அன்று வற்றியது.

அந்த அதிர்ச்சிக்குப் பின் வாங்குவோரின் கையிலும் ஒரு பொறுப்பை ஒப்படைக்கும் முயற்சிகள் பிறந்தன. 1997இல் 'மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்' தோன்றியது. மீன்வளம் குன்றாதிருக்கிறதா, பிடிக்கும் முறையால் பிற உயிர்கள் அழியாதிருக்கின்றனவா, மேலாண்மை ஒழுங்காக நடைபெறுகிறதா என்று சார்பற்ற ஆய்வாளர்கள் சோதித்தபின் நீலநிற முத்திரை வழங்கப்படுகிறது. 1999இல் அமெரிக்காவின் மாண்டெரே விரிகுடா மீன்காட்சியகம் வாங்குவோருக்கான வழிகாட்டியை வெளியிடத் தொடங்கியது. பச்சை என்றால் வாங்கலாம். மஞ்சள் என்றால் எண்ணிப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் தவிர்க்க வேண்டும்.

இவ்வகை முத்திரைகள் வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது பொருந்தாது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் இதற்குச் சான்று. அங்குக் கிடைக்கும் மட்டியின் சதை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியதும் வரைமுறையின்றி வாரப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் விளைச்சல் சரிந்தது. இனப்பெருக்கக் காலமான திசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருவதை நிறுத்தினர். குஞ்சுகள் தப்பும்படி வலைக்கண்ணைப் பெரிதாக்கினர். மட்டி மீண்டது. 2014இல் அக்காயல் மட்டித்தொழில் இந்தியாவிலேயே முதன்முதலாக அந்நீல முத்திரையைப் பெற்றது. மாலத்தீவில் கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்படும் சூரைமீனும் 2012இல் அதைப் பெற்றது. தென்தமிழகத்துச் சமையலறைகளில் மணக்கும் மாசிக் கருவாடு அச்சூரை இனத்திலிருந்துதான் உருவாகிறது.

ஆயினும் முத்திரை இல்லாத மீனெல்லாம் குற்றமுள்ள மீன் என்று முடிவுசெய்வது பெரும்பிழை. ஒரே வகை மீனை ஒரே முறையில் பிடிக்கும் குளிர்நாட்டுத் தொழிலை மனத்திற்கொண்டு உருவானது இம்முறை. வெப்பக் கடலில் ஒருமுறை வலை இழுத்தால் பல்வேறு இனங்கள் சேர்ந்து வருகின்றன. சான்றிதழ் பெறுவதற்கான ஆய்வுச் செலவும் சிறிதன்று. ஏற்றுமதியாளர் அதைத் தாங்குவர், கட்டுமரக்காரர் தாங்க மாட்டார். விடியலில் தூண்டில் போட்டு நான்கு மீனோடு கரையேறுபவர் கடலுக்குச் செய்யும் தீங்கு மிகக் குறைவு. அவர் மீனுக்கு எம்முத்திரையும் இல்லை. கூடுதல் விலையும் இல்லை. இங்குதான் அநீதி இருக்கிறது.

ஆகவே தமிழகத்தில் வாங்குவோர் முத்திரையைத் தேடுவதைவிட மீனையே படிக்கக் கற்பது நலம். முதலில் அளவு. சிறிய மீனும் இளைய மீனும் ஒன்றல்ல. நெத்திலி முதிர்ந்தாலும் சிறியதே, விரைவில் பெருகுவது. கையளவு வஞ்சிரமோ முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சு. கேரள அரசு 2015 முதல் மீன்களுக்குக் குறைந்த அளவை விதித்து வருகிறது. வஞ்சிரத்திற்கு 50 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ., சாளைக்கு 10 செ.மீ. என்பன அவற்றுட் சில. அடுத்தது காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களிலும் விருந்துக்கு வஞ்சிரமே வேண்டும் என்று அடம்பிடித்தால், அது வேறு கரையிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோதான் வர வேண்டும். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன்கள் அப்போதும் சந்தையில் உண்டு. விருந்தென்றால் வஞ்சிரமும் வவ்வாலும்தான் என்னும் பழக்கம் நாவின் தேவையைவிடப் பெருமையின் தேவையாகவே தோன்றுகிறது.

சுறா தனித்துச் சொல்லப்பட வேண்டியது. பேறுகாலத் தாய்மார்க்குப் பால்சுறாவைச் சமைத்துக் கொடுப்பது பரிவு மிகுந்த வழக்கம். ஆனால் சுறா இனங்கள் தாமதமாக முதிர்ந்து மிகச் சில குட்டிகளையே ஈனுவன. சாளையைப்போல் அவை இழப்பை ஈடுசெய்யா.

வலையைக் கட்டுப்படுத்த வேண்டியது அரசன்றோ, வாங்குவோரிடம் சுமையை ஏற்றலாமா எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. இரட்டைமடி தடைசெய்யப்பட்ட முறை. தடையை நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. ஆனால் குஞ்சுமீனுக்கு விலை இருக்கும்வரை அதைப் பிடிக்கும் வலையும் இருக்கும்.

இதற்கேற்ற வழிகாட்டி தமிழில், அந்தந்தக் கரையின் பெயர்களோடு வரவேண்டும். சென்னையில் கானாங்கெளுத்தி எனப்படுவது குமரிக்கரையில் அயிலை. சாளைக்கு மத்தி என்றும் பெயர். ஆங்கிலப் பெயரும் மூன்று வண்ணமும் மட்டும் கொண்ட அட்டை சந்தைக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடும். எம்மாதத்தில் எம்மீன், எவ்வளவு நீளம், எவ்வலை என்ற மூன்றையும் காட்டும் ஒரு தாளை மீன்வளத்துறை ஒவ்வொரு மீன்சந்தையின் வாயிலிலும் ஒட்டலாம். அதைத் தயாரிக்க வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. கூடையுடன் அமர்ந்திருக்கும் பெண்கள் ஏலத்தில் நின்று எடுத்தவர்கள். எப்படகின் மீன், எவ்வலையில் விழுந்தது என்பதை அறிந்தவர்கள். விலையைத் தவிர வேறெதையும் அவர்களிடம் எவரும் கேட்பதில்லை.