எழுத்துக்கு விலக்கு, மொழிக்கு அன்று: கற்றல் குறைபாடுடைய மாணவர்க்கு அயல்மொழியும் பண்பாட்டறிவும்

முன்னுரை

கற்றல் குறைபாடுடைய மாணவர் ஒருவர் இரண்டாம் மொழியிலோ அயல்மொழியிலோ தடுமாறும்போது, அப்பாடத்திலிருந்து அவருக்கு விலக்கு அளிப்பதையே பள்ளி முதலில் எண்ணுகிறது. இவ்விலக்கு இரக்கத்தினால் எழுவது. பெற்றோர் பலர் முயன்று பெற்றது. சட்டத்தின் ஏற்பும் உடையது. ஆயினும் அது எதனை விலக்குகிறது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. மாணவர்க்கு இடராக இருப்பது பெரும்பாலும் எழுத்து. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவதோ மொழி முழுவதும். அம்மொழியின் வழியே அறியத்தக்க மக்களும் அவர்தம் வாழ்வும் அதனுடன் சேர்ந்தே போய்விடுகின்றன. எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு வேறு, மொழியிலிருந்து விலக்கு வேறு என்னும் பாகுபாட்டைச் சட்டமும் பாடத்திட்டமும் ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். கற்றல் குறைபாடு என இங்குச் சுட்டப்படுவது டிஸ்லெக்சியா முதலிய, வாசிப்பிலும் எழுதுவதிலும் வெளிப்படும் குறைபாடுகளையே. அறிவுத்திறன் குறைபாட்டை அன்று.

குறைபாடும் எழுத்துமுறையும்

டிஸ்லெக்சியா என்னும் சொல்லை 1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் வழங்கினார். 1896இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன், அறிவுக்கூர்மையுடைய 14 வயதுச் சிறுவன் ஒருவன் வாசிக்க இயலாமல் இருந்ததைப் பதிவுசெய்தார். அன்றுதொட்டு நெடுங்காலம் இக்குறைபாடு கற்பவரிடம் மட்டுமே உள்ளதாகக் கருதப்பட்டது. மொழிகளை ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின.

தாயெகோ வைடல், பிரையன் பட்டர்வொர்த் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கு ஜப்பானில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், வீட்டுமொழியாகிய ஆங்கிலத்தை வாசிப்பதில் கடும் இடர்ப்பட்டார். ஜப்பானிய மொழியையோ அந்நாட்டு மாணவர்க்கு இணையாக வாசித்தார். ஒருவரிடமே ஒரு மொழியில் குறைபாடு தோன்றி மற்றொரு மொழியில் தோன்றாமல் இருக்கக்கூடும் என்பதை இது காட்டியது. 2001இல் எரால்டோ பவுலேசுவும் பிறரும் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசிப்பாளர்களை ஒப்பிட்டனர். குறைபாடுடையோரின் மூளைச் செயற்பாடு மூன்று மொழிகளிலும் ஒத்திருந்தது. ஆயினும் ஒலிக்கும் எழுத்துக்கும் நேரிய தொடர்புடைய இத்தாலிய மொழியில் அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாக வாசித்தனர். எனவே, ‘இம்மாணவர்க்கு மொழி வராது’ என்னும் பொதுத்தீர்ப்பு பொருந்தாது. எந்த மொழி, அதன் எந்தத் திறன் என்று பிரித்துக் கேட்டாக வேண்டும்.

இப்பிரிப்பு தமிழுக்கும் தேவைப்படுகிறது. தமிழ் வரிவடிவம் ஆங்கிலத்தைப் போல ஒழுங்கற்றது அன்று. எனினும் ககரம் முதலிய வல்லெழுத்துகள் நிற்கும் இடத்திற்கேற்ப ஒலி மாறுகின்றன. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் பின்னர் ஒலிக்கப்படினும் மெய்க்கு முன்னர் எழுதப்படுகின்றன. ஒகர, ஓகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் அமைகின்றன. ணகர, னகர, நகரங்களும் லகர, ளகர, ழகரங்களும் பலரது பேச்சில் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. இவற்றுக்கு மேலாகப் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்கின்றன. தமிழில் சரளமாக உரையாடும் குழந்தை தமிழ்த் தேர்வில் தோற்பதற்கு இவையெல்லாம் காரணமாகலாம்.

அயல்மொழி வகுப்பில் நிகழ்வது

பிற பாடங்களில் சிறந்து விளங்கிய மாணவர் சிலர் கட்டாய அயல்மொழிப் பாடத்தில் மட்டும் தேற இயலாமல் இருந்ததை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் டிங்க்லேஜ் 1971இல் எழுதினார். இவ்வினாவை லியோனோர் கான்ஷாவும் ரிச்சர்ட் ஸ்பார்க்ஸும் பின்னர் விரித்தாய்ந்தனர். தாய்மொழியின் ஒலி, எழுத்து, தொடரமைப்பு ஆகியவற்றைக் கையாளுவதில் ஒருவருக்குள்ள திறனே அயல்மொழி கற்றலுக்கும் அடித்தளமாகிறது என்பது அவர்தம் கருதுகோள். அயல்மொழிக்கென்றே தனியாக ஒரு குறைபாடு உண்டு என்னும் கருத்தை ஸ்பார்க்ஸ் பிற்காலத்தில் மறுத்தார். திறன் ஏறுவதும் இறங்குவதுமான ஒரு தொடர்ச்சியாக உள்ளதேயன்றி, ‘இயலும்’, ‘இயலாது’ என இரண்டாகப் பிளவுபட்டிருக்கவில்லை என்பது அவர் நிலைப்பாடு.

இவ்வாய்வுகளிலிருந்து பயிற்று முறையும் பிறந்தது. சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் ஆகியோர் தாய்மொழி வாசிப்புக்கு வகுத்த பல்புலன் முறை அயல்மொழி வகுப்பிற்கு எடுத்தாளப்பட்டது. ஒலியைக் கேட்டல், அது பிறக்கும்போது நாவும் இதழும் இயங்குவதை உணர்தல், எழுத்தைக் கையால் வரைதல் ஆகியவை அம்முறையில் ஒருங்கே நிகழ்கின்றன. ஒலி எழுத்துத் தொடர்புகள் ஒவ்வொன்றாக, எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்லும் வரிசையில் கற்பிக்கப்படுகின்றன. இவ்வாறு ஸ்பானியம் பயின்ற இடர்ப்பாடுடைய மாணவர்கள் முன்னேற்றம் கண்டனர். மாணவர் தேறாமைக்குக் குறைபாடு மட்டுமன்றிப் பயிற்று முறையும் காரணமாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

நாடுகள் கண்ட வழிகள்

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தை உருவாக்கி, இடைநிலைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக அயல்மொழியைச் சேர்த்தது. அதுவரை அயல்மொழி வகுப்பைக் காணாத சிறப்புத் தேவையுடைய மாணவர்க்கும் இதனால் அது உரிமையாயிற்று. 2004இல் 14 வயதுக்கு மேற்பட்டோர்க்கு அயல்மொழி விருப்பப் பாடமாக்கப்பட்டது; 2014இல் 7 முதல் 11 வயதினர்க்கு மொழிப்பாடம் கட்டாயமாயிற்று. இடைக்காலத்தில் அங்கு நடைமுறையிலிருந்த ‘அசெட் லாங்குவேஜஸ்’ என்னும் மதிப்பீட்டுத் திட்டம் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று வழங்கியது. எழுத இயலாத மாணவரும் பேச்சுத்திறனுக்குரிய சான்றைப் பெற அது இடமளித்தது. அத்திட்டம் நீடிக்கவில்லை, அதன் அடிப்படையோ இன்றும் பொருந்துவதே.

இத்தாலியின் 2010ஆம் ஆண்டு 170ஆம் எண் சட்டம் இப்பொருளில் மேலும் தெளிவானது. அயல்மொழி கற்பித்தலில் வாய்மொழித் தொடர்புக்கு முதன்மையும் படிப்படியான வேகமும் தரப்பட வேண்டும் என அது விதிக்கிறது. தேவையாயின் விலக்குக்கும் இடமளிக்கிறது. இதனை நடைமுறைப்படுத்திய 2011ஆம் ஆண்டு ஆணை, விலக்கை இருவகையாகப் பகுத்தது. ஒன்று, எழுத்துத் தேர்வுகளிலிருந்து மட்டும் விலக்கு. அதற்கு ஈடாக வாய்மொழித் தேர்வு உண்டு. மாணவர் முழுப் பட்டயமும் பெறுவார். மற்றொன்று, மொழிப் பாடத்திலிருந்தே விலக்கு. இது மிகக் கடுமையான நிலையில் உள்ளோர்க்கு மட்டுமே உரியது. முதல் வகை இயலாதபோதுதான் இரண்டாம் வகை எண்ணப்படுகிறது என்னும் வரிசைமுறையே இதன் சிறப்பு.

தமிழ் கற்பிக்கப்படும் சிங்கப்பூரிலும் முழுப் பாடத்திற்கும் விலக்குக்கும் இடையே படிநிலைகள் உள்ளன. தொடக்கப்பள்ளியில் அடிப்படைத் தமிழும் உயர்நிலையில் ‘பி’ பாடத்திட்டமும், தாய்மொழியில் இடர்ப்படும் மாணவர் அதனை முற்றிலும் கைவிடாமல் தொடர்வதற்கென அமைந்தவை.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் கற்றல் குறைபாட்டைக் குறிப்பிடவே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது பெரும் முன்னேற்றம். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை ஒரே பட்டியலில் வைக்கிறது. இவை ஒரு தன்மையன அல்ல. முன்னைய இரண்டும் மாணவர் பாடத்திற்குள் நுழைய வழி செய்கின்றன. மூன்றாவது அவரைப் பாடத்திற்கு வெளியே நிறுத்துகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட, எழுத்துத் தேர்வுக்கு மட்டுமான விலக்கை அப்பட்டியல் பெயர் சுட்டவில்லை. அதனால் பள்ளிக்கு எளிதாகத் தோன்றுவது முழு விலக்கே ஆகிறது.

பண்பாட்டறிவு வேண்டும் திறன்கள்

அயல்மொழிக் கல்வியின் பயன் அம்மொழியில் பிழையின்றி எழுதுவது மட்டுமன்று. மைக்கேல் பைரம் 1997இல் வெளியிட்ட நூலில் பண்பாட்டிடைத் தொடர்பாற்றலின் கூறுகளாகத் திறந்த மனப்பாங்கு, பிற சமூகம் பற்றிய அறிவு, பொருள்கொண்டு ஒப்பிடும் திறன், கண்டறிந்து உரையாடும் திறன், நுண்ணாய்வுப் பண்பாட்டு விழிப்புணர்வு ஆகிய ஐந்தினைக் கூறுகிறார். எழுத்துக்கூட்டல் இவ்வைந்தனுள் இல்லை.

பிரெஞ்சு மொழியில் முன்னிலை ஒருமைக்கு ‘டு’, ‘வு’ என இரு வடிவங்கள் உண்டு. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டை வீட்டிலேயே கற்ற தமிழ்க் குழந்தைக்கு இது ஆங்கிலத்தில் இல்லாத ஓர் உறவை நினைவூட்டும். யாரை எவ்வாறு விளிப்பது, எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவது என்பதை அக்குழந்தை நடித்துக் காட்டியே விளக்க முடியும். ஸ்பெயினில் ஒருவர் தந்தை வழிப் பெயர், தாய் வழிப் பெயர் என இரண்டையும் தாங்குகிறார். தமிழரோ தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்கின்றனர், தாய் பெயரையும் சேர்ப்பவர் உண்டு. ஒருவரின் பெயரில் யார் யார் இடம்பெறுகின்றனர், ஏன் என்னும் உரையாடல் ஆழமான பண்பாட்டுக் கல்வியாகும்; அதற்கு ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. பிற வழக்கத்தின் அருகே தன் வழக்கத்தை வைத்துப் பார்க்கும் இவ்வாய்ப்பு, வகுப்பறையில் பலமுறை தோல்வியைச் சந்தித்த மாணவர்க்கே மிகுதியும் வேண்டியது.

மறுப்புகளும் விடைகளும்

விலக்குப் பெற்ற மாணவர் மனஅழுத்தத்திலிருந்து விடுபட்டுப் பிற பாடங்களில் கவனம் செலுத்துகிறார் என்பது விலக்கை ஆதரிப்போர் கூற்று. இது புறந்தள்ளத்தக்கது அன்று. கடும் இடர்ப்பாடு உடையோர்க்கு முழு விலக்கு தொடரவே வேண்டும். ஆயினும் அழுத்தம் தருவது எழுத்துத் தேர்வு என்றால் நீக்க வேண்டியதும் அதுவே. வாய்மொழித் தேர்வில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பு நுழையும் என்பது மற்றொரு மறுப்பு. உரையாடலைப் பதிவுசெய்து இருவர் தனித்தனியே மதிப்பிடுவதும், மதிப்பீட்டு அளவைகளை முன்னரே வரையறுப்பதும் இதற்குத் தீர்வாகலாம். ஐரோப்பிய மொழிகளுக்கான பொதுச் சட்டகம் 2001ஆம் ஆண்டிலேயே திறன்வாரியான விளக்க அளவைகளைத் தந்ததுடன், ஒருவர் ஒரு திறனில் உயர்ந்தும் மற்றொன்றில் தாழ்ந்தும் இருப்பதை இயல்பாக ஏற்றுள்ளது. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதிய அளவில் இல்லை என்னும் மறுப்போ உண்மையானது. அது ஆசிரியர் கல்வியைத் திருத்துவதற்குக் காரணமாகலாமே தவிர, மாணவரை வெளியேற்றுவதற்குக் காரணமாகாது.

தமிழ்த்துறைகளின் பங்கு

இவ்விவாதம் கல்வியியல் துறைக்கும் உளவியல் துறைக்கும் மட்டும் உரியதாகக் கருதப்பட்டு வருகிறது. தமிழிலக்கண மரபில் எழுத்து என்பது முதன்மையாக ஒலியைக் குறிப்பது. வரிவடிவம் அதன் குறியீடு. தொல்காப்பியப் பிறப்பியல் ஒவ்வோர் ஒலிக்கும் நா எங்குப் பொருந்துகிறது, எவ்வாறு இயங்குகிறது என்பதை வரையறுக்கிறது. தகர நகரங்களுக்குப் பல்லின் அடியும், டகர ணகரங்களுக்கு அண்ணமும் இடமாதலை அது பகுத்துக் காட்டுகிறது. ஒலி பிறக்குமிடத்தை மாணவர் உடலால் உணர வேண்டும் என்னும் பல்புலன் முறைக்கு இதனினும் நெருங்கிய துணை தமிழில் இல்லை. மனனத்திற்குரிய நூற்பாவாக மட்டும் பயிலப்படும் பிறப்பியலை, இடர்ப்படும் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கருவியாக மாற்றுவது தமிழாய்வாளரால் இயலும். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துத் திருக்குறள் கேள்வியை வைத்து, கல்லாதவரும் கேட்டறிய வேண்டும் என்று வலியுறுத்துவதும் இங்கு எண்ணத்தக்கது.

இன்னொரு பணியும் உண்டு. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கி 2015இல் வெளியிட்ட டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவியின் முதற்பதிப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு அமைந்தது. தமிழ் அதில் இடம்பெறவில்லை. ஆங்கிலத்தில் சோதித்துத் தமிழுக்கு விலக்கு அளிப்பது முறையாகாது. எந்த வயதில் எவ்வகைப் பிழை இயல்பானது, எப்பிழை பேச்சு வழக்கின் தாக்கம், எது குறைபாட்டின் அடையாளம் என்று பகுத்துரைக்கும் தரவுத் தொகுப்பு முதலில் தேவை. வட்டார வழக்கையும் எழுத்திலக்கணத்தையும் ஒருங்கே அறிந்தவர் துணையின்றி அதனைத் தொகுத்தல் அரிது.

நிறைவுரை

கற்றல் குறைபாடுடைய மாணவர்க்கு மொழிப்பாடத்தில் மூன்று படிகள் அமைதல் வேண்டும். முதலாவது, பயிற்று முறையை மாற்றி முழுப் பாடத்தையும் கற்பித்தல். இரண்டாவது, எழுத்துத் தேர்வுக்கு மட்டும் விலக்கு அளித்துக் கேட்டல், பேசுதல், பண்பாட்டறிவு ஆகியவற்றை மதிப்பிட்டுச் சான்றிதழில் குறித்தல். மூன்றாவது, முன்னைய இரண்டும் பயனளிக்காதபோது மட்டும் முழு விலக்கு. இன்று மூன்றாவதே முதலாவதாக உள்ளது. இவ்வரிசையை மாற்றச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 17ஆம் பிரிவு கூறும் பாடத்திட்ட மாற்றங்களுள் இரண்டாம் படியையும் அடக்கித் தேர்வு வாரியங்கள் விதி வகுக்கலாம். அவ்விதிக்கு வேண்டிய மதிப்பீட்டு அளவைகளை வகுத்துத் தருவது தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க ஆய்வுப்பணியாகும்.